ராம்சியா, வாட்கின்ஸா, மார்ட்டினெஸா: 2025 சம்மர்ல வில்லா யாரை வித்திருக்கணும்?

2024-25 சீசன் முடிஞ்சப்போ இங்கிலாந்து ப்ரீமியர் லீக் டேபிள்ல அஞ்சாவது நியூகாசில் 66 பாயிண்ட், ஆறாவது நம்ம ஆஸ்டன் வில்லா, அதுவும் 66 பாயிண்ட். கோல் டிஃபரன்ஸ் அவங்களுக்கு +21, நமக்கு +7. அவங்க ஐரோப்பாவோட பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக், நாம அதுக்கு அடுத்த படியான யூரோப்பா லீக். இதுல கொடுமை என்னன்னா கடைசி நாள் நியூகாசில் சொந்த கிரவுண்ட்லயே எவர்ட்டன்கிட்ட 1-0 தோத்துட்டாங்க, அதனால நமக்கு ஒரே ஒரு டிரா போதும், அதுவும் அந்த சீசன்ல 15ஆவதா முடிச்ச மான்செஸ்டர் யுனைடெட்கூட. ஹாஃப் டைமுக்கு முன்னாடியே நம்ம கீப்பர் எமி மார்ட்டினெஸுக்கு ரெட் கார்டு. பத்து பேர வெச்சுக்கிட்டும் மோர்கன் ரோஜர்ஸ் கோல் போட்டான், ஆனா பால் கோட்டத் தாண்டுறதுக்கு முன்னாடியே ரெஃப்ரி விசில் ஊதிட்டாரு, விசில் ஊதிட்டா வீஏஆர், அதாவது வீடியோ ரெஃப்ரி, உள்ள வரவே முடியாது. அடுத்த மூணு நிமிஷத்துல யுனைடெட்டோட அமாட் அடிச்சான், அப்புறம் எரிக்சன் பெனால்ட்டி, 2-0. அந்த விசிலப் பத்தி பேச ஆரம்பிச்சா நான் நிறுத்த மாட்டேன், அத விட்டுருவோம்.

இங்க பேச வேண்டியது காசு. சாம்பியன்ஸ் லீக்ல காலெடுத்து வெச்சாலே 18.62 மில்லியன் யூரோ, அதோட லீக் சுற்றுல ஒவ்வொரு மேட்ச் ஜெயிச்சா 2.1 மில்லியன். யூரோப்பா லீக்ல நுழைஞ்சா 4.31 மில்லியன், ஒரு வெற்றிக்கு நாலரை லட்சம் யூரோ. அதே 2024-25 சீசன்ல நாம சாம்பியன்ஸ் லீக்ல அஞ்சு மேட்ச் ஜெயிச்சு எட்டாவதா முடிச்சோம், பேயர்ன ஸ்ட்ரைக்கர் டுரான் கோல்ல 1-0 அடிச்சோம், ப்ரூஹேவ வெளிய அனுப்பினோம், பிஎஸ்ஜிகிட்ட 5-4ல தான் போனோம். அந்த வருமானத்த நம்பித்தான் சம்பளமெல்லாம் ஏறியிருந்துச்சு, வருமானம் போச்சு, சம்பளம் அப்படியே நிக்குது. அதனால அந்த சம்மர்ல யாரையாவது விக்கணும்கறதுல யாருக்கும் சந்தேகமே இல்ல. யாரைங்கறதுலதான் வில்லா ரசிகர்கள் நாலு கட்சியா பிரிஞ்சு நின்னாங்க. நம்ம கிளப் அகாடமிலயே வளந்த பையன வித்துருவோம்னு ஒரு கூட்டம், இல்ல பெரிய ஆளு ஒருத்தர வித்துருவோம்னு ஒரு கூட்டம், யாரையும் வாங்காம லோன்லயே ஓட்டுவோம்னு ஒரு கூட்டம், அபராதம் கட்டினா கட்டிட்டுப் போவோம், ஆள மட்டும் விக்காதீங்கன்னு ஒரு கூட்டம்.

கடைசிக் கூட்டத்த முதல்ல முடிச்சுருவோம், ஏன்னா அதுதான் கேக்க இனிப்பா இருக்கும், உள்ள ஒண்ணுமே இல்ல. அப்போ இருந்த பிஎஸ்ஆர்ங்கற ப்ரீமியர் லீக் நஷ்டக் கட்டுப்பாட்டு விதிப்படி மூணு வருஷத்துல 105 மில்லியன் பவுண்ட் வரைக்கும்தான் நஷ்டம் காட்ட முடியும், அகாடமி, பெண்கள் டீம், கட்டடம் மாதிரி சில செலவுகளக் கழிச்சுக்கலாம். வில்லா 2022-23ல மட்டும் 119.6 மில்லியன் நஷ்டம், அடுத்த வருஷம் 85.9 மில்லியன். கழிக்கறதக் கழிச்சும் கழுத்த நெரிக்குற கணக்கு இது. 2025 ஜூன்ல பெண்கள் டீமயே ஓனரோட இன்னொரு கம்பெனிக்கு வித்து ப்ரீமியர் லீக் கணக்கச் சரி பண்ணாங்க. ஆனா ஐரோப்பியப் போட்டிகள நடத்துற யூஃபா இந்த மாதிரி தன் கைல இருந்து தன் பைக்குப் போற வியாபாரத்த வருமானமாவே எடுத்துக்காது. அவங்க கணக்கு வேற. சம்பளம், ட்ரான்ஸ்ஃபர் தேய்மானம் (ஆள வாங்கின விலைய வருஷா வருஷம் பிரிச்சு எழுதுற செலவு), ஏஜெண்ட் ஃபீஸ் மூணும் சேந்து வருமானத்துல 2024ல 80 சதவீதம், 2025ல இருந்து 70 சதவீதம், அதுக்கு மேல போகக் கூடாது. நாம 80ஐயே தாண்டிட்டோம். 2025 ஜூலைல 11 மில்லியன் யூரோ அபராதம், அதோட திரும்பத் தப்புப் பண்ணா இன்னும் மேலன்னு ஒரு ஒப்பந்தம், போதாக்குறைக்கு யூரோப்பா லிஸ்ட்ல புது ஆளுங்களச் சேக்கவும் கட்டுப்பாடு. அபராதம்னா பணத்தோட போற விஷயம் இல்ல, வாங்கின ஆள ஆட வைக்க முடியாம போற விஷயம். அதனால இந்த வழி அவுட்.

இப்போ அகாடமி. இதுக்கு ஏன் எல்லா கிளப்பும் ஓடுதுன்னா கணக்குப்புத்தகம் அப்படி. ஒரு ஆள 50 மில்லியனுக்கு அஞ்சு வருஷ கான்ட்ராக்ட்ல வாங்கினா வருஷத்துக்கு 10 மில்லியன்னு செலவு எழுதுவாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அவன 40க்கு வித்தா புத்தகத்துல இன்னும் 30 மிச்சம் இருக்கும், லாபம் 10தான். அகாடமி பையனுக்கு வாங்கின விலைன்னு ஒண்ணும் இல்ல, 40க்கு வித்தா 40ம் லாபம். இத தான் ப்யூர் ப்ராஃபிட்னு எல்லாரும் சொல்றாங்க.

வில்லா இந்த வேலைய ரொம்ப நாளா பண்ணுது. 2021ல ஜாக் கிரீலிஷ் சிட்டிக்கு 100 மில்லியன். அடுத்த வருஷம் கார்னி சுக்வுமேக்கா செல்சிக்கு. 2023ல கேமரன் ஆர்ச்சர் ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கு. 2024 ஜூன்ல கொஞ்சம் விசித்திரம், ஒமாரி கெல்லிமன்னு சீனியர் டீம்ல விரல் விட்டு எண்ணுற அளவுக்கு ஆடின பையன் 19 மில்லியனுக்கு செல்சி போனான், அதே நேரம் செல்சில இருந்து இயன் மாட்சன் 37.5க்கு நம்ம பக்கம் வந்தான். எவர்ட்டன்கூடவும் அதே மாதிரி ஒண்ணு, டிம் இரோக்புனாம் அங்க, லூயிஸ் டாபின் இங்க. எல்லாம் கணக்கு மூடுற ஜூன் 30க்குள்ள. ரெண்டு பக்கமும் லாபம் எழுதிக்கிட்டாங்க, கோல் யாரு போட்டாங்கன்னு கேக்காதீங்க.

2025ல அந்த வரிசைல நின்னது ஜேக்கப் ராம்சி. பர்மிங்ஹாம் பையன், ஆறு வயசுலயே வில்லாவுல சேந்தவன், 2023ல இங்கிலாந்து அண்டர் 21 யூரோ ஜெயிச்ச டீம்ல இருந்தவன். அந்த டோர்னமெண்ட்லயே கால் பாதம் உடைஞ்சு அடுத்த சீசன் பாதி வீணாப் போச்சு, ஆனா ஃபிட்டா இருந்தா இடது பக்கத்துல இருந்து பாலத் தூக்கிக்கிட்டு முன்னாடி ஓடுற ஆளு கோச் எமரியோட டீம்ல வேற யாரும் இல்ல. ஆகஸ்ட் 16 சீசனோட முதல் மேட்ச் வில்லா பார்க்ல, எதிர்ல நியூகாசில், 0-0. மறுநாள் ராம்சி நியூகாசில் ஆளு. கிட்டத்தட்ட 40 மில்லியன் பவுண்ட். நம்மள கோல் டிஃபரன்ஸ்ல தாண்டி சாம்பியன்ஸ் லீக் போன அதே டீமுக்கு, அவங்களுக்குத் தேவைப்பட்ட அதே எடத்துக்கு நம்ம வீட்டுப் பையன நாமளே பேக் பண்ணி அனுப்பினோம்.

உணர்ச்சிய ஓரமா வெச்சுட்டுக் கணக்கா மட்டும் பாத்தாலும் இது எல்லாரும் நினைக்குற அளவுக்கு நல்ல கணக்கு இல்ல, ரெண்டு காரணம். முதல் காரணம் யூரோப்பா லிஸ்ட். யூஃபா போட்டிக்கு 25 பேர் லிஸ்ட்ல எட்டு எடம் உள்ளூர்ல வளந்தவங்களுக்கு, அதுல நாலு எடம் நம்ம கிளப்லயே 15ல இருந்து 21 வயசுக்குள்ள மூணு வருஷம் இருந்தவங்களுக்கு மட்டும். அந்த ஆளு இல்லன்னா அந்த எடம் காலி, வேற யாரையும் போட முடியாது, 25 பேர் லிஸ்ட் 23, 22ன்னு சுருங்கிடும். ஒவ்வொரு வருஷமும் அகாடமி பையன வித்துக்கிட்டே இருந்தா, வியாழக்கிழமை யூரோப்பா, ஞாயித்துக்கிழமை லீக்குன்னு ஓடுற டீமுக்கு ஆள் எண்ணிக்கையே கொறையும். இத யாரும் பேசவே மாட்டேங்குறாங்க, எல்லாரும் ப்யூர் ப்ராஃபிட் ப்யூர் ப்ராஃபிட்னு அதே பாட்டு.

ரெண்டாவது காரணம் இன்னும் முக்கியம். யூஃபா பாக்குறது சம்பள விகிதத்த. வீட்டுப் பையனோட சம்பளம் பொதுவா பெரிய ஸ்டாரோட சம்பளத்துக்குப் பக்கத்துல கூட வராது. அவன வித்தா ஒரு தடவ லாபம் வரும், ஆனா வருஷா வருஷம் ஓடுற செலவுல பெருசா ஒண்ணும் கொறையாது, அடுத்த சம்மர்ல அதே பிரச்சனை, அதே மாதிரி இன்னொரு பையனத் தேடணும், ஒருநாள் விக்கறதுக்குப் பையனே இருக்க மாட்டான்.

சரி, அப்போ பெரிய ஆள விக்கணும்னா யாரு. இங்கதான் பல பேரு ஒரு விஷயத்த மறந்துட்டுப் பேசுறாங்க. ப்யூர் ப்ராஃபிட் அகாடமிக்கு மட்டும் சொந்தம் இல்ல. ஸ்ட்ரைக்கர் ஒல்லி வாட்கின்ஸ் 2020ல ப்ரென்ட்ஃபோர்ட்ல இருந்து 28 மில்லியனுக்கு வந்தவரு. மார்ட்டினெஸ் அதே 2020ல ஆர்சனல்ல இருந்து 20 மில்லியனுக்குள்ள. அஞ்சு வருஷம் ஆச்சு, இவங்க ரெண்டு பேரோட புத்தக விலையும் தேஞ்சு ரொம்பக் கொஞ்சம்தான் மிச்சம். அதாவது இவங்கள வித்தாலும் வர்ற காசுல பெரும்பகுதி லாபம்தான், ராம்சிய வித்த மாதிரியே, அதுக்கு மேல பெரிய சம்பளம் ஒண்ணும் கணக்க விட்டுப் போகும், கிளப்ல வளந்தவன்கற எடமும் போகாது. இவ்வளவு தெளிவா இருக்குறத விட்டுட்டு ஏன் ராம்சி மேல பாஞ்சாங்கன்னு கேட்டா, ராம்சிக்கு ஆள் வந்தாங்க, இவங்களுக்கு சரியான விலைல ஆள் வரலங்கறதுதான் உண்மையான பதில், அதையும் சொல்லிடணும்.

வாட்கின்ஸ எடுத்துக்குவோம். 2023-24ல லீக்ல 19 கோல் 13 அசிஸ்ட், நாம நாலாவதா முடிச்சதுக்கு அதுதான் காரணம். அடுத்த சீசன் 16. 2025 மே மாசம் அக்பொன்லஹோரத் தாண்டி ப்ரீமியர் லீக்ல வில்லாவுக்காக அதிக கோல் போட்ட ஆளாகிட்டாரு. ஆனா டிசம்பர்ல 30 வயசு, ஸ்ட்ரைக்கரோட விலை 30க்கு மேல படிக்கட்டுல எறங்காது, லிஃப்ட்ல எறங்கும். 2025 ஜனவரில ஆர்சனல் கேட்டாங்க, கொடுக்கல, ஏன்னா அதே வாரம் டுரான அல் நஸ்ருக்கு அனுப்பிக்கிட்டு இருந்தோம், ரெண்டு ஸ்ட்ரைக்கரையும் ஒரே வாரத்துல விக்க முடியாதுல்ல.

டுரான் வித்தது பத்தி ஒரு வார்த்தை, அது வில்லா பண்ணதுலயே சுத்தமான வியாபாரம்னு நான் சொல்லுவேன். 2023 ஜனவரில சிகாகோ ஃபயர்ல இருந்து 15 மில்லியன் பக்கத்துல வாங்குன பையன், பெஞ்ச்ல இருந்து வந்து கோலாப் போட்டுத் தள்ளுறான், ஆனா பெஞ்ச்ல உக்கார மாட்டேங்குறான், ரெண்டே வருஷத்துல 64 மில்லியன் பவுண்ட். முதல் பதினோரு பேர்ல ஒருத்தரையும் தொடாம வந்த காசு அது. கோவப்பட்டவங்க நிறைய, ஆனா அந்த வயசுல அந்த விலைக்கு அப்படி ஒரு ஆஃபர் இங்கிலாந்துல எவனும் கொடுத்திருக்க மாட்டான். அதுக்கு விலையா நாம கொடுத்தது என்னன்னா, சம்மர்ல வாட்கின்ஸ விக்குற சுதந்திரம். டுரான் போனதுக்கு அப்புறம் ஒம்பதாம் நம்பர்னு சொல்ல ஒரே ஒருத்தர்தான் இருந்தாரு. அவர வித்துட்டு புது ஸ்ட்ரைக்கர் தேடியிருந்தா, அந்த வருஷ மார்க்கெட்ல லைப்ஸிக் செஸ்கோவுக்கு 76.5 மில்லியன் யூரோ வாங்கினாங்க, ஆர்சனல் யோக்கெரஸுக்கு 55 மில்லியன் பவுண்ட் கிட்ட கொடுத்தாங்க, நம்ம பாக்கெட்ல அந்த மாதிரி ஆளுக்கு எடமே இல்ல. அதனால வாட்கின்ஸ விக்காதது சரிதான்னு நினைக்கிறேன், ஜனவரியிலயே வழிய அடைச்சுட்டோம்.

மிச்சம் மார்ட்டினெஸ். இவரப் பத்தி பேசும்போது வில்லா ரசிகர்களுக்குக் குரல் தழுதழுக்கும், எனக்கும்தான். வேர்ல்டு கப் ஜெயிச்ச கீப்பர், 2023லயும் 2024லயும் சிறந்த கீப்பருக்கான யாஷின் ட்ராஃபி. ஆனா 2025 மே மாசம் டோட்டன்ஹாம் கூட கடைசி ஹோம் மேட்ச்ல கண்ணுல தண்ணியோட கூட்டத்துக்குக் கைய ஆட்டி விடை வாங்கிட்டாரு, மனசு கிளம்பிடுச்சுன்னு உலகத்துக்கே தெரிஞ்சிடுச்சு. வயசு 32, கான்ட்ராக்ட் 2029 வரைக்கும், அதாவது விலை பேசுறதுல நம்ம கைதான் மேல. இந்த நெலமைல ஒரு கிளப் பண்ண வேண்டியது, ஜூன் முதல் வாரமே இதுதான் விலை, இதுக்குக் கொஞ்சம் கீழ வந்தாலும் பேசலாம், ஜூலை தாண்டினா கதவு மூடிடும்னு சொல்லியிருக்கணும். அதுக்குப் பதிலா கதவு ட்ரான்ஸ்ஃபர் கடைசி நாளான செப்டம்பர் 1 ராத்திரி வரைக்கும் பாதி தொறந்தே கெடந்துச்சு. ஆகஸ்ட் 31 கிரிஸ்டல் பேலஸ் மேட்ச்ல அவரு ஸ்குவாட்லயே இல்ல, புதுசா வந்த மார்கோ பிசோட் நின்னாரு, வில்லா பார்க்ல 0-3. மறுநாள், மார்ட்டினெஸப் பாத்துக்கிட்டு இருந்த யுனைடெட் ஆன்ட்வெர்ப்ல இருந்து சென்னே லாமென்ஸ்னு 23 வயசுப் பையன 18 மில்லியனுக்கு வாங்கிட்டுப் போயிட்டாங்க. மார்ட்டினெஸ் திரும்ப வந்து அதே கோல்போஸ்ட்ல நின்னாரு. கீப்பர விக்கவும் இல்ல, வெச்சிருக்கோம்னு அவருக்கு தைரியம் சொல்லவும் இல்ல, நடுவுல ஒரு மேட்சயும் தொலைச்சாச்சு.

கீப்பர வித்தா டீம் விழுந்துடாதாங்கற கேள்வி நியாயமானது. ஆனா மார்க்கெட்ட பாருங்க, நல்ல கீப்பர் 20, 25 மில்லியனுக்குக் கெடைக்குறான், நல்ல ஸ்ட்ரைக்கர் 60க்குக் கீழ கெடைக்க மாட்டேங்குறான், பாலத் தூக்கிக்கிட்டு ஓடுற மிட்ஃபீல்டர் 40. எந்த எடத்துல ஆள் மாத்துறது மலிவோ அந்த எடத்துலதான் விக்கணும். மார்ட்டினெஸயே நாம 20க்குத்தான வாங்குனோம், அதுவும் ஆர்சனல்ல ரெண்டாவது கீப்பரா இருந்தவர.

ரோஜர்ஸப் பத்தி நீட்ட மாட்டேன். 2024 பிப்ரவரில மிடில்ஸ்ப்ரோல இருந்து வந்தான், பிஎஃப்ஏ இளம் வீரர் விருது வாங்கிட்டான், கிரீலிஷ் அளவுக்குத் தொகை மேசைல விழாத வரைக்கும் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

லோன் கட்சிக்கு வருவோம், இவங்க கைல நல்ல சாட்சி இருக்கு. 2025 ஜனவரில டுரான் போன கையோட யுனைடெட்ல இருந்து மார்கஸ் ராஷ்ஃபோர்டும் பிஎஸ்ஜில இருந்து மார்கோ அசென்சியோவும் லோன்ல வந்தாங்க. அசென்சியோ 21 மேட்ச்ல 8 கோல், வந்ததும் செல்சிய ரெண்டு கோல் போட்டு 2-1ல தோக்கடிச்சான். பிஎஸ்ஜி அவனோட சொந்த கிளப், ஆனாலும் சாம்பியன்ஸ் லீக் குவார்ட்டர் ஃபைனல்ல அவங்களுக்கு எதிராவே எறங்கினான், யூஃபா விதி அத அனுமதிக்குது. ராஷ்ஃபோர்ட் 17 மேட்ச்ல 4 கோல், தொடைத் தசை பிடிச்சு ஏப்ரல் கடைசியோட சீசன் முடிஞ்சது, சம்பளத்துல முக்காவாசி நாமதான் கட்டினோம்னு செய்தி. 40 மில்லியனுக்கு வாங்குற ஆப்ஷன் இருந்துச்சு, வாங்கல, அவன் பார்சிலோனா போயிட்டான். அது ஆப்ஷன்தான், கட்டாயம் இல்ல, அதனால கைய உதறிட்டு வர முடிஞ்சது. லோன்னோட அழகே அதுதான்.

அந்த அழக சம்மர்லயே கெடுத்துக்கிட்டோம். கடைசி நாள் லிவர்பூல்ல இருந்து ஹார்வி எலியட் லோன்ல வந்தான், ஆனா பத்து மேட்ச் ஆடினா 35 மில்லியன் பக்கத்துல கொடுத்து வாங்கியே ஆகணும்னு கண்டிஷன். இது லோனே இல்ல, தவணைல வாங்குறது. எமரிக்கு அவன் சரிப்படல, அதனால பத்தாவது மேட்ச் வந்துடுமோன்னு பயந்து களத்துல எறக்க முடியாம ஒரு இளைஞனோட ஒரு வருஷம் போச்சு. ராம்சிய வித்த 40ல கிட்டத்தட்ட அதே தொகைய அதே மாதிரி எடத்துல ஆடுற, நம்ம கிளப்ல வளராத ஒருத்தனுக்குக் கொடுக்குறதா ஒத்துக்கிட்டது என்ன கணக்குன்னு எனக்கு யாராவது சொல்லித் தரணும். அதே நாள் யுனைடெட்ல இருந்து ஜேடன் சான்ச்சோ வந்தான், அந்த லோன்ல கட்டாயம் எதுவும் இல்ல, அது சரி. சான்ச்சோவ முந்தின வருஷம் கட்டாயக் கண்டிஷன்ல எடுத்த செல்சி, 5 மில்லியன் பவுண்ட் தெண்டம் கட்டி வாங்காம தப்பிச்சதப் பாத்தும் நாம கத்துக்கலயே.

இதெல்லாம் களத்துல எப்படித் தெரிஞ்சுதுன்னா, முதல் நாலு லீக் மேட்ச்ல ஒரு கோல் கூட இல்ல, அஞ்சு மேட்ச் முடிஞ்சப்போ மூணே பாயிண்ட். செப்டம்பர் 28 ஃபுல்ஹாம் மேட்ச்லதான் லீக்ல முதல் வெற்றி. அதுக்கப்புறம் டீம் எழுந்து பறந்துச்சு, எல்லாப் போட்டியும் சேத்து வரிசையா பதினோரு மேட்ச் ஜெயிச்சுது, டிசம்பர் 30 ஆர்சனல் 4-1னு அடிச்சப்போதான் நின்னுச்சு. எழுந்ததுக்கு எமரிதான் காரணம், சம்மர் வியாபாரம் இல்ல. ஆகஸ்ட்ல தொலைச்ச பாயிண்ட்ட எமரி கூட திருப்பித் தர முடியாது, கோல் டிஃபரன்ஸ்ல சாம்பியன்ஸ் லீக்க விட்ட கிளப்புக்கு அத சொல்லித் தரவே தேவையில்ல.

இன்னொரு வாதம் வரும். லீக்ல நாலு அஞ்சுன்னு எதுக்கு அடிச்சுக்கணும், யூரோப்பா கப்ப ஜெயிச்சா நேரா சாம்பியன்ஸ் லீக், அத நாலு தடவ ஜெயிச்ச கோச் நம்மகிட்ட இருக்காருன்னு. செவியாவோட மூணு, வியாரியாலோட ஒண்ணு, பொய் இல்ல. டோட்டன்ஹாம் 2025ல லீக்ல 17ஆவதா முடிச்சுட்டு பில்பாவ்ல யுனைடெட்ட 1-0 அடிச்சு சாம்பியன்ஸ் லீக் போனதும் கண்ணு முன்னாடி நடந்தது. ஆனா அந்த வழில போகணும்னா ஸ்குவாட் நீளமா இருக்கணும். 2023-24ல கான்ஃபரன்ஸ் லீக் செமி ஃபைனல்ல ஒலிம்பியாகோஸ்கிட்ட ரெண்டு மேட்ச்லயும் சேத்து 6-2 தோத்தோம், அப்போ நமக்குக் கால்ல பலம் இல்ல, நாலாவது எடத்துக்காக லீக்ல ஓடி ஓடிக் களைச்சுப் போன டீம் அது. அதனால யூரோப்பா வழியத் தேர்ந்தெடுக்குறவங்கதான் முதல்ல ராம்சிய விக்காதீங்கன்னு சொல்லியிருக்கணும், பெஞ்சும் லிஸ்ட்டும் அவங்களுக்குத்தான் அதிகம் தேவை.

என் வரிசை இதுதான். மார்ட்டினெஸ ஜூன்ல, கெடைச்ச நியாயமான விலைக்கு, ரெண்டு மில்லியன் மூணு மில்லியனுக்காக இழுக்காம. பிசோட முதல் கீப்பரா நம்ப முடியலன்னா அந்தக் காசுல பாதிய போட்டு ஒரு இளம் கீப்பர். ஒண்ணோ ரெண்டோ லோன், ஆப்ஷனோட மட்டும், கட்டாயம்னு பேப்பர்ல எழுதியிருந்தா கையெழுத்தே போடக் கூடாது. அதுலயும் கணக்கு நிக்கலன்னா வாட்கின்ஸுக்குப் பதில் ஆள் முதல்ல பாத்து வெச்சுட்டு அப்புறம் வாட்கின்ஸ். ராம்சி அதுக்கும் அப்புறம், அதுவும் நியூகாசில் தவிர வேற யாருக்காவது. ப்ரீமியர் லீக்ல 2026-27ல இருந்து பிஎஸ்ஆர் போயி, ஸ்குவாட் செலவு வருமானத்துல 85 சதவீதத்துக்குள்ளன்னு புது விதி, அதப் பாத்து சந்தோஷப்படுறவங்களுக்கு ஒண்ணு, ஐரோப்பால ஆடுற டீமுக்கு யூஃபாவோட 70 தான் கூரை, அது எங்கயும் போகல, சம்பளப் பட்டியல்ல இருந்து பெரிய பேர் ஒண்ணு கிளம்புற வரைக்கும் நம்ம தலை அந்தக் கூரைல இடிச்சுக்கிட்டேதான் இருக்கும்.